பெயர் பதிவாயிற்று; இடம் எங்கே?

2024-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி இரவு, உள்ளூர் அணிக்கு வேகம் பிறந்துவிட்டால் கெளுத்தி மீனைத் தூக்கி ஆடுகளத்துப் பனித்தரையில் வீசுவதையே சம்பிரதாயமாகக் கொண்ட அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து அரங்கில், பதினேழாயிரம் பேருடைய ஆரவாரத்துக்கு நடுவே, விருந்தாளி ஐஸ் ஹாக்கி அணியான வான்கூவர் கனக்ஸின் கோல் வலையைக் காத்துக்கொண்டு, லாத்வியா நாட்டைச் சேர்ந்த ஆர்டுர்ஸ் ஷிலோவ்ஸ் என்ற 23 வயது வாலிபர் நின்றுகொண்டிருந்தார். அந்த அணியின் முதல் கோல்கீப்பர் காயம்பட்டு விலகியிருந்தார். அவர் இடத்துக்கு வந்த இரண்டாமவரும் காயம்பட்டார். அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை அபட்ஸ்ஃபோர்டு என்னும் சிறு நகரத்துத் துணை அணியில் கழித்த மூன்றாமவரைத் தவிர வேறு கதி இல்லாமற்போன நிலையில்தான், தோற்றால் தொடரின் முடிவு கேள்விக்குள்ளாகும் அந்த ஆட்டத்தில் அவரை நிறுத்தினார்கள். தம்மை நோக்கி வந்த 28 அடிகளையும் அவர் தடுத்தார். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷங்கள்கூட இல்லாதபோது பியஸ் சூட்டர் அடித்த ஒற்றைக் கோலால் வான்கூவர் வென்றது. தொடரும் கைக்கு வந்தது.

அன்று புதிதாகக் கண்டவர்களுக்கு அவர் ஆகாயத்திலிருந்து குதித்தவர்போலத் தோன்றியிருக்கலாம். ஆனால் வான்கூவர் அணி அவர் பெயரைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டது 2019 ஜூனில். இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் தெரிவின் ஆறாவது சுற்றில், 156-ஆவது ஆளாக. முதன்முறையாக நேஷனல் ஹாக்கி லீக் ஆட்டம் ஒன்றில் அவரை இறக்கியது 2023 பிப்ரவரியில். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில் அவர் கனடாவின் பாரி நகரத்து இளையோர் அணியிலும், தாய்நாட்டுக் களங்களிலும், அபட்ஸ்ஃபோர்டிலுமாகத் திரிந்துகொண்டிருந்தார். தெரிவு நடந்த நாளின் கைதட்டலைத் தொலைக்காட்சியில் காண்கிற நாம், அதற்குப் பின்னால் நடக்கும் இந்த நெடும் பிரயாணத்தை அநேகமாகக் காண்பதில்லை. அதைப் பற்றி இப்போது வட அமெரிக்காவில் பலத்த பேச்சு எழுந்திருப்பதற்குக் காரணமும் உண்டு: பழைய பாதைகளில் இரண்டு, சமீப காலத்தில் திசை திரும்பியிருக்கின்றன.

பாத்தியதை யாருக்கு?

ஒரு காலத்தில் இந்த லீக்கின் அணிகள், இளையோர் அணிகளுக்குப் பணம் கொடுத்து ஆதரித்து, அவற்றில் ஆடும் சிறுவர்களிடம் நேராகக் கையெழுத்து வாங்கித் தமக்கு உடைமையாக்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பின்னாளில் ஆட்டத்தின் போக்கையே மாற்றிய பாபி ஆர், 1962-இல் பாஸ்டன் அணிக்கு இவ்விதம் கட்டுப்பட்டபோது அவருக்கு வயது 14. அந்த முறைக்கு மாற்றாக 1963-இல் மான்ட்ரியல் நகரத்து ஹோட்டல் ஒன்றில், மூடிய கதவுகளுக்குப் பின்னால், அன்றிருந்த ஆறு அணிகளும் கூடி 21 வாலிபர்களைப் பங்கிட்டுக்கொண்டன. இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள், 224 பெயர்கள். கடந்த பருவத்தில் மோசமாக ஆடியவர்களுக்கு முன்னுரிமை. ஆனால் வேண்டுமென்றே தோற்கும் ஆசை யாருக்கும் வந்துவிடக் கூடாதென்பதற்காக 1995 முதல் சீட்டுக் குலுக்கலும் சேர்ந்துகொண்டது.

இந்த ஏற்பாட்டில் வாலிபனுக்குக் கிடைப்பது வேலை அன்று. அவனோடு ஒப்பந்தம் பேசும் ஏகபோக உரிமை ஓர் அணிக்குக் கிடைக்கிறது, அவ்வளவே. பரிசம் போட்ட பெண்ணை வேறு வீட்டார் கேட்க முடியாது, முகூர்த்தமோ குறிக்கப்படவில்லை என்பதுபோன்ற நிலை அது. எத்தனை காலம் அந்தப் பாத்தியதை நீடிக்கும் என்பது, பையன் எங்கே ஆடிக்கொண்டிருக்கிறான் என்பதைப் பொறுத்ததாக இருந்துவந்தது: கனடாவின் இளையோர் லீக்குகளில் ஆடுகிறவனாயின் சுமார் இரண்டாண்டு, அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்தவனாயின் அவன் படிப்பு முடிந்த ஆண்டின் ஆகஸ்ட் நடுவரை, ஐரோப்பியனாயின் நான்காண்டு, ஆட்டக்காரர் பரிமாற்ற உடன்படிக்கை இல்லாத ரஷ்யாவிலிருந்து வருகிறவனாயின் கெடுவே கிடையாது. ஒரே திறமையுள்ள மூன்று பையன்கள் மூன்று தேசங்களில் ஆடிய ஒரே காரணத்தால் மூன்று விதமாகப் பேரம் பேசவேண்டியிருந்தது என்பது, சமநீதியைப் பற்றி அதிகம் பேசும் ஒரு விளையாட்டுக்கு அழகு சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பத்தாவது ஆட்டம்

தெரிவு பெற்றவன் ஜூலையில் அணியின் பயிற்சி முகாமுக்குச் செல்கிறான். செப்டம்பரில் புதியவர்களுக்கான போட்டி, அப்புறம் மூத்தவர்களோடு பெரிய முகாம். பெரும்பாலோர் அங்கிருந்து வந்த வழியே திருப்பி அனுப்பப்படுவார்கள். சிலருக்குத் தொடக்க ஒப்பந்தம் கிடைக்கும்: 18 வயது முதல் 21 வயதுக்குள் கையெழுத்திடுகிறவருக்கு மூன்று ஆண்டுகள், உச்சவரம்புக்கு உட்பட்ட சம்பளம்.

இந்த உச்சவரம்புக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1993-இல் முதல் ஆளாகத் தெரிவு செய்யப்பட்ட அலெக்சாந்த்ர் டேகிளுக்கு, லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில், ஒட்டாவா அணி ஐந்தாண்டுக்கு 1 கோடியே 22 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தது. பையனின் ஆட்டம் அந்தத் தொகைக்கு ஒருநாளும் ஈடுகொடுக்கவில்லை. உரிமையாளர்கள் திகைத்துப்போய், அடுத்துவந்த தொழிலாளர் உடன்படிக்கையிலேயே புதியவர்களின் சம்பளத்துக்கு அணை கட்டிவிட்டார்கள். ஓர் அணி தன் கணக்கில் செய்த பிழைக்கு, அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் எல்லோரும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. 18 அல்லது 19 வயதில் கையெழுத்திட்டவன் அந்தப் பருவத்தில் பெரிய லீக்கில் பத்து ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடினால், மூன்றாண்டுக் கணக்கு அவ்வாண்டு தொடங்காமல் அப்படியே ஓராண்டு தள்ளிப்போகும். ஆகவே ஒன்பது ஆட்டங்கள் வரை ஆடவிட்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டு, பத்தாவதுக்கு முன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவது அணிகளுக்கு வழக்கமாயிற்று. பயிற்சியாளர் பையனின் சறுக்கு வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், மாடியில் இருக்கும் மேலாளர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

> பெட்டிச் செய்தி: எங்கே எப்படி?
> கனடாவின் இளையோர் லீக்குகள் மூன்று: ஒன்டாரியோ, மேற்குப் பிரதேசம், கியூபெக் மற்றும் கடலோர மாகாணங்கள். ஒன்டாரியோவிலும் மேற்கிலும் பருவத்துக்கு 68 ஆட்டங்கள். வெளியூர்ப் பையன்கள் உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் தங்கி ஆடுவார்கள்.
> அமெரிக்கக் கல்லூரிகளில் ஆட்டங்கள் ஏறக்குறைய அதில் பாதி. பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில். மற்ற நாட்கள் வகுப்புக்கும் உடற்பயிற்சிக்கும்.
> துணை அணிகளின் அமெரிக்கன் ஹாக்கி லீக் 1936-இல் தோன்றியது. 32 அணிகள், பருவத்துக்கு 72 ஆட்டங்கள். இன்று பெரிய லீக்கில் ஆடுவோரில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இதன் வழியாக வந்தவர்களே.

இரண்டுக்கும் நடுவில்

நேஷனல் லீக்குக்கும் கனடாவின் இளையோர் லீக்குகளுக்கும் நெடுங்காலமாக ஓர் உடன்பாடு இருந்துவருகிறது. இளையோர் லீக்கிலிருந்து தெரிவானவன், டிசம்பர் 31-க்குள் 20 வயது நிரம்பாதவனாயின், ஒன்று பெரிய அணியில் ஆட வேண்டும். அல்லது பழைய இளையோர் அணிக்கே திரும்ப வேண்டும். இடையிலுள்ள துணை அணிக்குச் செல்லக் கூடாது. தங்கள் அரங்குகளை நிரப்பும் நட்சத்திரங்களைப் பெரிய அணிகள் அள்ளிச்செல்லாமல் காப்பதற்காகச் சிற்றூர் அணிகள் வாங்கிக்கொண்ட உறுதிமொழி அது. ஒவ்வொரு சிற்றூரின் பொருளாதாரத்தையும் எண்ணிப் பார்த்தால் அந்தக் கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் அதன் பாரம் 18 வயதுப் பையன் ஒருவனின் தோளில் எப்படி இறங்கியது என்பதற்கு ஷேன் ரைட்டின் கதையைவிடச் சிறந்த சாட்சியம் கிடைக்காது.

2022-இல் நான்காவதாக சியாட்டில் அணி அவரைத் தெரிவு செய்தது. இலையுதிர் காலத்தில் பெரிய அணியோடு வைத்துக்கொண்டார்கள். ஆனால் அநேக இரவுகளில் கோட்டும் சூட்டுமாக மாடத்தில் உட்காரவைத்தார்கள். நெடுநாள் ஆடாதவனைத் தேற்றுவதற்கென்று விதியில் இருந்த ஒரு சந்து வழியாக, கோச்செல்லா பள்ளத்தாக்கிலுள்ள துணை அணிக்குச் சில நாட்கள் அனுப்பினார்கள். ஐந்து ஆட்டங்களில் நான்கு கோல்கள் போட்டார். திரும்பி வந்ததும், தெரிவு நாளில் தம்மைக் கைவிட்டு வேறொருவரை முதலாவதாக எடுத்துக்கொண்ட மான்ட்ரியலுக்கு எதிராகவே தம் முதல் கோலை அடித்தார். அப்புறம் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் கனடாவுக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றார். வென்ற சில நாட்களுக்குள் இளையோர் லீக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய பழைய அணியான கிங்ஸ்டன், வந்த கையோடு அவரை வின்ட்சருக்கு மாற்றிவிட்டது. அந்த அணி முதல் சுற்றிலேயே வெளியேறியதும் மறுபடியும் கோச்செல்லா. இத்தனையும் ஒரே பருவத்தில்.

அடுத்த ஆண்டாவது அவர் நிம்மதியாகத் துணை அணியில் தங்கியிருக்கலாம் அல்லவா என்றால், அதற்கும் சிக்கல் இருந்தது: அவர் பிறந்தது ஜனவரி 5. டிசம்பர் 31 என்ற வரம்பை ஐந்து நாள் வித்தியாசத்தில் தவறவிட்டவர் அவர். விசேஷ அநுமதி கிடைத்த பிறகே வழி பிறந்தது.

எல்லோருக்கும் இந்த அலைச்சல் கேடாகவே முடிவதில்லை. ஜெர்மனியின் கொலோன் நகரத்தவரான லியோன் டிரைசைட்டிலை 2014-இல் மூன்றாவதாக எடுத்த எட்மன்டன், அவரை 37 ஆட்டங்கள் ஆடவிட்டு, இரண்டே கோல்கள் வந்ததைக் கண்டு, நடுப்பருவத்தில் இளையோர் லீக்குக்கு அனுப்பிற்று. கெலோனா அணியில் சேர்ந்த அவர் மேற்குப் பிரதேசப் பட்டத்தை வென்று, கனடாவின் இளையோர் லீக்குகளுக்கான மெமோரியல் கோப்பைப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார். மறு பருவத்தின் தொடக்கத்தில் துணை அணியில் சில ஆட்டங்கள். பிறகு எட்மன்டனை விட்டு அவர் இறங்கவே இல்லை. 2020-இல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது அவருக்குக் கிட்டியது. திருப்பி அனுப்பப்படுவது அவமானம் என்று அன்று அவர் கருதியிருந்தால் அது மனித சுபாவம். ஆனால் நாள்தோறும் இருபது நிமிஷங்களுக்கு மேல் பனித்தரையில் நிற்கும் வாய்ப்பு, பெரிய அணியின் நான்காம் வரிசையில் ஆறேழு நிமிஷம் ஓடுவதைவிட ஒரு 19 வயதுக்காரனுக்குப் பன்மடங்கு பயன் தருமென்பது, இத்தொழிலில் உள்ளவர்கள் பெரும்பாலோரின் அபிப்பிராயம்.

பேருந்து ஓடும் லீக்

துணை அணி வாழ்க்கையில் பகட்டு இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளில் மூன்று ஊர்களில் மூன்று ஆட்டங்கள் வருவது அங்கே நெடுநாள் பழக்கம். இடையில் இரவுப் பேருந்து. கையிலிருக்கும் ஒப்பந்தமோ இருவழி ஒப்பந்தம்: பெரிய அணியில் இருக்கும் நாளுக்கு ஒரு சம்பளம், துணை அணியில் இருக்கும் நாளுக்கு வேறொரு சம்பளம். பெரிய லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025-26 பருவத்தில் 7,75,000 டாலர். துணை அணியில் இருக்கையில் தொடக்க ஒப்பந்தக்காரருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை உச்சவரம்பே 70,000 டாலர்தான். ஒரு தொலைபேசி அழைப்பு வாழ்க்கைத் தரத்தைப் பத்து மடங்கு உயர்த்தும். மற்றோர் அழைப்பு மறுபடியும் இறக்கும்.

அங்கே இளைஞர்களுக்கு இடம் கிடைக்கவேண்டுமென்று விதியே வைத்திருக்கிறார்கள். கோல்கீப்பர்களை நீக்கி, ஆட்டத்தில் இறங்கும் 18 பேரில் 13 பேர் வளர்ச்சிப் பருவத்தினராக இருக்கவேண்டும். அவர்களுள் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிராதவர்கள். எஞ்சிய ஐந்து இடங்களில்தான், பெரிய லீக்கின் வாசலை எட்டி எட்டிப் பார்த்துத் திரும்பிய மூத்தவர்கள் உட்காருகிறார்கள். இளைஞனுக்கு எப்படிச் சாப்பிடுவது, எப்போது தூங்குவது, தோல்விக்கு மறுநாள் எப்படி அரங்குக்கு வருவது என்று கற்றுக்கொடுப்பவர்கள் அநேகமாக இந்த மூத்தவர்களே. அவர்களுக்கோ தங்கள் இடத்தைப் பறிக்கப்போகிறவனையே பயிற்றுவிக்கும் விசித்திரமான உத்தியோகம்.

நேரமும் தூரமும் இத்தொழிலில் எவ்வளவு விலை பெறுகின்றன என்பதற்கு 2015-இல் நடந்த இடப்பெயர்ச்சி சான்று. மேற்குப் பகுதி அணிகளின் துணை அணிகள் அதுவரை கிழக்கே வெகுதூரத்தில் இருந்தன. காலையில் ஒருவருக்குக் காயமென்றால் மாலைக்குள் மாற்றாள் வந்துசேர முடியாது. ஐந்து துணை அணிகள் ஒரே மூச்சில் கலிஃபோர்னியாவுக்குக் குடியேறின. வான்கூவரும் 2021-இல் தன் துணை அணியை, காரில் போய்வரக்கூடிய அபட்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டுவந்தது.

அந்த அபட்ஸ்ஃபோர்டு அணிதான் 2025 ஜூனில் துணை லீக்கின் கால்டர் கோப்பையை வென்றது. அதன் பயிற்சியாளர் மானி மல்ஹோத்ரா, 1998-இல் ஏழாவது ஆளாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் தெரிவு செய்த, பஞ்சாபித் தந்தைக்குப் பிறந்த முன்னாள் ஆட்டக்காரர். அணியில் ஆடிய அர்ஷ்தீப் பெய்ன்ஸ், வான்கூவரை அடுத்த சர்ரே நகரத்துப் பஞ்சாபி இளைஞர். எந்த அணியும் எந்தச் சுற்றிலும் அவர் பெயரை அழைக்கவில்லை. மேற்குப் பிரதேச இளையோர் லீக்கில் ஒரு பருவம் புள்ளிக் கணக்கில் முதலிடம் பிடித்த பிறகே 2022-இல் வான்கூவர் அவரை நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டது. பஞ்சாபி மொழியிலேயே ஹாக்கி வர்ணனை ஒலிபரப்பாகும் தேசத்தில் இது வியப்பில்லை என்று சொல்லலாம். ஆனால் 1989-இல் ராபின் பாவா முதல் இந்திய வமிசத்தவராகப் பெரிய லீக்கில் இறங்கியதிலிருந்து இன்றுவரை அவர் வழியில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் கோப்பைப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குக் கிடைத்ததென்றால், நாஷ்வில் இரவின் நாயகரான ஷிலோவ்ஸுக்கு. விருது வாங்கிய மறு மாதமே வான்கூவர் அவரை பிட்ஸ்பர்குக்குக் கைமாற்றிவிட்டது. காரணம் ஆட்டமன்று, விதி. குறிப்பிட்ட ஆண்டுகளையோ ஆட்டங்களையோ கடந்த ஒருவரைத் துணை அணிக்கு அனுப்ப வேண்டுமானால், முதலில் மற்ற அணிகள் எல்லாவற்றுக்கும் அவரை இலவசமாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தரவேண்டும். வான்கூவரிலோ மூத்த கோல்கீப்பர்கள் இருவர் நெடுங்கால ஒப்பந்தத்தில் இருந்தார்கள். பதிலுக்கு வந்தது ஓர் இளம் ஆட்டக்காரரும் எதிர்காலத் தெரிவு ஒன்றில் நான்காம் சுற்று இடமும். அந்த அக்டோபரில் பருவத்தின் தொடக்க ஆட்டத்திலேயே, நியூயார்க்கில், ரேஞ்சர்ஸ் அணியை ஒரு கோலும் போடவிடாமல் அவர் திருப்பி அனுப்பினார்.

கடைசியில் அழைக்கப்பட்டவர்கள்

கோல்கீப்பர்கள் தாமதமாகவே முதிர்கிறார்கள் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த விஷயம். இருந்தும் 18 வயதிலேயே தராசில் நிறுத்துகிறார்கள். கானர் ஹெலிபக், ஐஸ் என்றால் குளிர்பானத்துக்கு என்று மட்டுமே நினைக்கத் தோன்றும் டெக்ஸஸ் மாநிலத்து எண்ணெய்க் கிணற்று ஊரான ஒடெஸாவில் ஆடிக்கொண்டிருந்தபோது, 2012-இல் 130-ஆவதாக வின்னிபெக் அணியால் எடுக்கப்பட்டார். மாசசூசெட்ஸ் மாநிலக் கல்லூரியில் இரண்டாண்டு, துணை அணியில் ஓராண்டுக்கு மேல், 2015 நவம்பரில் முதல் ஆட்டம். 2025-இல் ஹார்ட் விருது. ஹென்ரிக் லுண்ட்குவிஸ்ட் 2000-இல் 205-ஆவதாக அழைக்கப்பட்டவர். அவருடைய இரட்டைச் சகோதரர் யோயெல் மூன்றாம் சுற்றிலேயே தெரிவாகிவிட்டார். ஐந்தாண்டு ஸ்வீடனில் ஆடிவிட்டு நியூயார்க் சென்ற ஹென்ரிக், பதினைந்து பருவங்கள் அந்நகரத்தின் வலையைக் காத்தார்.

2015-இல் 135-ஆவதாக மினசோட்டா எடுத்த கிரில் கப்ரிசோவ் ஐந்தாண்டுக்குப் பிறகே ரஷ்யாவிலிருந்து வந்தார். அதற்குள் 2018 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் தங்கத்தை நிச்சயித்த கோலை அடித்துவிட்டிருந்தார். 2025-இல் அவர் கையெழுத்திட்ட எட்டாண்டு, 13 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தம் அதுவரையில் லீக் சரித்திரத்திலேயே பெரியது.

இவற்றைக் காட்டி, எண் பொருட்டல்ல என்று இளைஞர்களுக்கு ஆறுதல் சொல்லுகிற வழக்கம் ஒன்றுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் சுற்றில் வந்தவன் தடுமாறினால் அவனுக்கு இரண்டாம், மூன்றாம் சந்தர்ப்பங்கள் தருகிறார்கள், ஏனெனில் அவனைத் தெரிவு செய்தவரின் கௌரவமும் அவனோடு சேர்ந்து பணயத்தில் இருக்கிறது. ஆறாம் சுற்றுக்காரனுக்கு முதல் தடுமாற்றமே கடைசி. ஹெலிபக்கும் கப்ரிசோவும் தங்கள் எண்ணைக் கடந்து வந்தவர்கள். எண்ணின் கீழேயே நின்றுவிட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியவராது.

கல்லூரிக் கதவு

கனடாவின் இளையோர் லீக்கில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டால் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் தகுதி போய்விடும் என்று நெடுங்காலமாக இருந்தது. அங்கே கைச்செலவுக்குச் சிறு தொகை கொடுக்கிறார்கள், தொழில்முறை ஒப்பந்தம் உள்ளவர்களும் ஆடுகிறார்கள் என்பது காரணம். இதனால் 15, 16 வயதிலேயே பையனும் பெற்றோரும் மீளமுடியாத ஒரு முடிவை எடுக்கவேண்டியிருந்தது. 2024 நவம்பரில் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதற்பிரிவு அந்தத் தடையை நீக்கியது. 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அமல்.

விளைவு அந்தக் கோடையிலேயே தெரிந்தது. மேற்குப் பிரதேச லீக்கின் மெடிசின் ஹாட் அணியில் புகழ் பெற்றிருந்த காவின் மெக்கென்னா, பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவர் பின்னால் வேறு பலரும். கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் பிம்பத்தையும் வைத்துப் பணம் பெறலாமென்று ஏற்கெனவே ஆகியிருந்ததால், படிப்போடு வருமானமும் சேர்ந்துகொண்டது. இளையோர் அணிகள் தங்கள் 19 வயது நட்சத்திரங்களை இழக்கத் தொடங்கின. உடன்பாட்டால் கட்டிய வேலிக்குள் கல்லூரி வாயிலாக ஒரு வழி திறந்துவிட்ட பிறகு, அந்த வேலியே எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. 2026 செப்டம்பரில் தொடங்கும் புதிய தொழிலாளர் உடன்படிக்கையைப் பேசி முடித்தபோது, அணிக்கு ஒரு 19 வயதுக்காரரைத் துணை லீக்கில் ஆடவிடுவதற்கு இடம் செய்தார்கள்.

தெரிவு செய்யும் அணிகளுக்கும் இதில் ஒரு பயம் உண்டு. கல்லூரியில் நான்காண்டு முடிப்பவர், தம்மைத் தெரிவு செய்த அணியோடு கையெழுத்திடாமலே காத்திருந்து விடுதலை பெறலாம். 2012-இல் நாஷ்வில் எடுத்த ஜிம்மி வீஸி, ஹார்வர்டில் படிப்பை முடித்துக்கொண்டு 2016-இல் நியூயார்க்குக்குப் போனது அவ்விதமே. 2022-இல் ஐந்தாவதாக ஃபிலடெல்ஃபியா எடுத்த கட்டர் கோதியே கையெழுத்திட மறுத்தபோது, அந்த அணி கெடு வரும்வரை காத்திராமல் அவரை ஆனஹைமுக்கு மாற்றிவிட்டது. ரசிகர்கள் இவர்களை நன்றி கெட்டவர்கள் என்று ஏசினார்கள். தாம் கேளாத ஒரு பந்தத்தை விதிக்கு உட்பட்டே ஒருவர் ஏற்க மறுப்பதில் நன்றிக்கு என்ன சம்பந்தம் என்பது எனக்கு விளங்கவில்லை.

கதவு திறந்ததால் வேறு சிலருக்கு அடைபட்டதும் உண்டு. கல்லூரி அணியில் இடங்களின் எண்ணிக்கை கூடவில்லை. கனடாவிலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் வரும்போது, 20 வயதுவரை சிறு லீக்குகளில் ஆடித் தாமதமாக மலர்ந்து, எந்த அணியாலும் தெரிவு செய்யப்படாமல், கல்லூரி ஒன்றையே ஏணியாக நம்பியிருந்த அமெரிக்க இளைஞர் ஒருவர் பட்டியலிலிருந்து நீங்குகிறார். வாக்களித்த இடம் இனி இல்லை என்ற செய்தி அவர்களிற் சிலருக்குப் பருவம் தொடங்கச் சில மாதங்களே இருக்கும்போது வந்தது. அவர்களுக்கு எஞ்சியிருப்பது பார்வையாளர் குறைந்த கீழ்ப்பிரிவுக் கல்லூரிகளும், இன்னும் ஓராண்டு அதே சிறு லீக்கும், அதற்கும் வயது கடந்தவராயின் ஏதேனும் ஐரோப்பிய நகரத்தின் இரண்டாம் பிரிவு அணியும்தான்.